போல்ட்டின் கார்பன் கணக்கு கம்பியில் இருக்கிறது

2024 ஆகஸ்டில் அம்பத்தூரில் போல்ட், நட் செய்யும் ஒரு சிறிய கம்பெனிக்குப் போயிருந்தேன். ஜெர்மனியில் இருந்து வந்த ஒரு மெயிலை முதலாளி திறந்து காட்டினார். கூடவே பல தாள்கள் கொண்ட ஓர் எக்செல் கோப்பு, பத்து நாள் கெடு. "இதுக்குப் பதில் போடலைன்னா ஆர்டர் போயிடுமா சார்? போட்டா, அதை வெச்சு ரேட்டைக் குறைப்பாங்களா?" என்று கேட்டார்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எல்லைக் கார்பன் வரியை, அதாவது சிபாமை (CBAM), ஒட்டி வந்த மெயில் அது. இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கார்பன் டை ஆக்சைடுக்கு, அதாவது உமிழ்வுக்கு, ஏற்ப இறக்குமதியாளர் கட்டும் வரி அது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகிய துறைகளுக்கு 2023 அக்டோபர் 1 முதல் இறக்குமதியாளர்கள் உமிழ்வு அறிக்கை தருவது கட்டாயமானது. 2024 ஜூலை வரை ஐரோப்பிய ஆணையம் தந்த இயல்பு மதிப்புகளை (ஆலையின் உண்மை எண்ணுக்குப் பதிலாகப் போடும் பொது எண்களை) வைத்தே இறக்குமதியாளர்கள் அறிக்கையை ஒப்பேற்ற முடிந்தது. அந்த வழி அடைபட்டதும்தான் நம் ஊர்க் கம்பெனிகளுக்கு இப்படி மெயில் வரத் தொடங்கியது.

சப்ளையர் தரவை மறைக்கிறார் என்று இறக்குமதியாளர்கள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை அப்படி மறைப்பவர்கள் மிகக் குறைவு. ஒரு டன்னுக்கு எவ்வளவு மின்சாரம், எவ்வளவு எரிவாயு என்று சொல்லிவிட்டால் அடக்கவிலை வாங்குபவர் கைக்குப் போய்விடும் என்றுதான் பயப்படுகிறார்கள். அது நியாயமான பயம்தான். ஆனால் முழுக் கோப்பையும் அனுப்ப வேண்டியதில்லை. ஆணையத்தின் படிவத்திலேயே சுருக்கத் தாள்கள் தனியாக உண்டு, அவற்றை மட்டும் அனுப்பினால் போதும். 2025 முதல் ஆலை நடத்துபவரே ஐரோப்பியப் பதிவேட்டில் நேரடியாகப் பதிவுசெய்து, தான் விரும்பும் இறக்குமதியாளருக்கு மட்டும் தரவைத் திறந்துவிடலாம். இதை முதல் மெயிலிலேயே சொல்லிவிட்டால் பாதி பயம் போய்விடும். எனக்குத் தெரிந்து யாரும் சொல்வதில்லை.

சரி, அம்பத்தூருக்கு வருவோம். படிவத்தை மூடிவிட்டு மூன்றே மூன்று கேட்டேன்: ஒரு வருட ஈபி பில், எல்பிஜி வாங்கிய பில்கள், அனுப்பிய சரக்கின் மொத்த எடை. கணக்காளர் அரை மணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய 3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. நூறு டன் போல்ட்டை ஹீட் ட்ரீட்மென்ட் செய்ய ஐந்து டன் எல்பிஜி போகிறது என்று வைத்தால், 15 டன் உமிழ்வு. அதே நூறு டன் போல்ட்டைச் செய்ய மூலப்பொருளாக 104 டன் எஃகுக் கம்பி வேண்டும் என்று கொள்வோம். இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சராசரியாக சுமார் 2.5 டன் உமிழ்வு என்பதால், கம்பியில் மட்டும் 260 டன்.

ஆக, கேள்வி கேட்க வேண்டிய இடம் போல்ட் கம்பெனி இல்லை, கம்பி வந்த உருக்காலை. ஊது உலையில் நிலக்கரியால் உருக்கியதா, பழைய இரும்பை மின் உலையில் உருக்கியதா என்பதைப் பொறுத்து எண் தலைகீழாக மாறும். சின்ன கம்பெனியோ கம்பியை டீலரிடம் வாங்குகிறது. இந்த மாதம் ஓர் ஆலை, அடுத்த மாதம் வேறோர் ஆலை. ஆலைக்கு இவர் எழுதினால் பதில் வராது. ஐரோப்பியக் கம்பெனிகள் இவரையே திரும்பத் திரும்ப நச்சரிப்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஐரோப்பாவுக்கு நேரடியாக ஏற்றுமதி செய்யும் பெரிய ஆலைகள் இந்தக் கணக்கை எப்படியும் போட்டாக வேண்டும். இறக்குமதியாளரும் சேர்ந்து ஒரு கடிதம் போட்டால் அந்தக் கதவு திறக்க வாய்ப்பு அதிகம்.

2026 ஜனவரி 1 முதல் இது பணத்தின் விஷயமாகிவிட்டது. இயல்பு மதிப்பைப் போட்டால் அதன்மேல் கூடுதல் சதவீதமும் ஏறும். உண்மை எண் வேண்டுமென்றால் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் கையெழுத்து வேண்டும். அந்தச் செலவை சப்ளையர் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல. இந்த வரியை இறக்குமதியாளர் உமிழ்வுக்கு ஏற்ற சான்றிதழ்களை வாங்கித்தான் கட்டுகிறார்; எண் குறைந்தால் அந்தச் செலவு மிச்சமாவது அவருக்குத்தானே?

இன்னொன்றையும் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். வருடத்துக்கு 50 டன் வரை விலக்கு என்பது இறக்குமதியாளர் உலகம் முழுவதிலிருந்தும் தருவிக்கும் மொத்தத்துக்கானது. "நாங்க இருபது டன்தான் அனுப்புறோம்" என்று இங்கே நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அம்பத்தூர் முதலாளி இப்போது ஐரோப்பிய ஆர்டருக்கான கம்பிச் சுருள்களைத் தனி வரிசையில் அடுக்குகிறார். ஒவ்வொன்றிலும் ஹீட் நம்பர் (ஆலையில் எந்த உருக்கலில் வந்த எஃகு என்று காட்டும் எண்) எழுதிய அட்டை தொங்குகிறது, ஆலை தரும் மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்டுகள் தனி ஃபைலில். ஜெர்மன் கம்பெனியோடு சேர்ந்து எழுதிய கடிதத்துக்கு ஆலையில் இருந்து நான்காவது மாதம் ஒரு பக்கப் பதில் வந்தது. அந்த ஃபைலில் முதல் தாள் அதுதான்.