வெயில் காலத்து அந்தியில் ஆறு ஏன் பெருகுகிறது?

மஸ்கெலியா, நோர்வூட், நோட்டன் பக்கத்து மக்களுக்கு நீர்மின் நிலையம் புதிதல்ல. பழைய லக்சபான நிலையம் 1950 முதல் இயங்குகிறது. காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தேங்கும் நீர் ஒரு நிலையத்தில் டர்பைனைச் சுழற்றி, கீழேயுள்ள குளத்தில் சேர்ந்து, மறுபடியும் சுழற்றியபடியே பொல்பிட்டிய வரை இறங்குகிறது. இந்த நீரை நம்பி வளர்ந்த அரச மின்துறை இப்போது காற்றையும் வெயிலையும் சேர்த்துக்கொண்டிருக்கிறது. மன்னாரில் 30 காற்றாலைகளுடன் 103.5 மெகாவாட் திறனில் அமைந்துள்ள தம்பபவனி, இலங்கை மின்சார சபை தனக்கெனக் கட்டிய முதலாவது பெரிய காற்றாலைத் திட்டமாகும். கூரைச் சோலர் தகடுகளோ நகரங்களில் பெருகிவிட்டன.

இது வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால் மன்னாரிலும் கொழும்பிலும் நடக்கும் இம்மாற்றம் நம் ஆற்றின் நேரத்தை மாற்றுகிறது என்பதை, நீர்மின் நிலையம் ஒன்றில் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நண்பகலில் சோலர் மின்சாரம் மிகுகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் தேவை வீழ்ந்தபோது, கூரைச் சோலரைப் பகலில் நிறுத்திவைக்குமாறு உரிமையாளர்களைக் கேட்கும் அளவுக்கு அது மிகுந்தது. பொழுது சாய்ந்ததும் அது முழுவதும் இல்லாமற்போகிறது. அதே வேளையில் வீடுகளில் விளக்கும் தொலைக்காட்சியும் ஏற, மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரம் தொடங்குகிறது. நுரைச்சோலை போன்ற நிலக்கரி நிலையத்தை நினைத்தவுடன் ஏற்றி இறக்க முடியாது. நீர்மின் டர்பைனையோ சில நிமிடங்களில் முழு வேகத்துக்குக் கொண்டுவரலாம். ஆகவே பகலில் நீரைச் சேமித்து, அந்தியில் விடுவதே சிக்கனமாகிறது. சோலர் கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூர்மையாகும்.

இதில் பருவத்துக்கும் பங்குண்டு. மன்னாரில் காற்று வலுக்கும் தென்மேல் பருவத்தில்தான் மலையிலும் மழை கொட்டுகிறது. ஆறு எப்படியும் நிறைந்திருப்பதால் எவரும் அதில் இறங்குவதில்லை. தை முதல் பங்குனி வரை நிலைமை வேறு. வெயில் எரிக்கிறது, சோலர் மிகுகிறது, நீர்த்தேக்கத்தில் ஒவ்வொரு அங்குலமும் கணக்குப் பார்த்து அந்திக்கு ஒதுக்கப்படுகிறது. அதே மாதங்களில்தான் லயத்துப் பீலி வற்றி, அந்திக் கொழுந்தை எடைபோட்ட பிறகு பெண்கள் துணி மூட்டையோடும் பிள்ளைகளோடும் ஆற்றுக்கு இறங்குகிறார்கள்.

மழை வெள்ளம் கலங்கலாக, சருகும் நுரையுமாக வந்து தன்னை அறிவித்துவிடும். மின் நிலையத்திலிருந்து வெளிவரும் நீர் அப்படியல்ல: வானத்தில் மேகமே இருக்காது, நீரும் தெளிந்தே இருக்கும், நடு ஆற்றுப் பாறை மட்டும் மெல்லச் சிறுத்துக்கொண்டே வரும். (படித்தவர்களும் இதில் ஏமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.) வான்கதவு திறப்பது செய்தியில் வருகிறது, டர்பைன் இயங்குவது அன்றாட வேலை என்பதால் அதைச் செய்தியாக எவரும் சொல்வதில்லை.

எனவே நீர் வெளியேறும் வாய்க்குக் கீழே குளிப்பவர்கள் நடுப்பாறையைத் தவிர்த்து, ஏறிவிடக்கூடிய கரையோரமாகவே இருக்க வேண்டும். நீர் விரலளவு உயர்ந்தாலும் துணியை விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு முதலில் மேலேறிவிட வேண்டும். தோட்டத் தலைவர்கள் அருகிலுள்ள நிலையத்துக்கு நேரில் சென்று, வறண்ட மாதங்களில் வழமையாக எத்தனை மணிக்கு நீர் விடப்படுகிறது என்று கேட்டு, அதைக் கொழுந்து மடுவத்தில் தமிழில் எழுதி ஒட்டலாம். அட்டவணை மின் தேவைக்கேற்ப மாறும் என்பதால் அந்த நேரத்துக்கு முன்பும் ஆற்றில் அசட்டையாக இருக்கக்கூடாது என்பதையும் அதிலேயே சேர்த்து எழுதுங்கள்.