கச்சான் காலத்தில் காவல் நாய் சூட்டை எப்படி வெளியேற்றுகிறது?

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறித் திருகோணமலைப் பக்கம் இறங்குவதுதான் கச்சான். பகல் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தொடும் இந்த மாதங்களில், உவர்மலையிலும் உப்புவெளியிலும் வளவுக்குள் நிற்கும் றொட்வைலரும் அல்சேசனும் நாள் முழுக்க வாய் திறந்து மூச்சு வாங்கி இளைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் விடாய் என்று நினைத்து ஒரு சட்டியை நிரப்பி வைத்தால் மட்டும் போதாது.

நாய்க்கு வியர்வை உள்ளங்காலில்தான் வரும். உடம்பைத் தணிக்க அது காணாது. மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின் ஈரம் ஆவியாகும்போதே பெரும்பங்கு சூடு போகிறது. காற்று மூக்கால் உள்ளே போய் வாயால் வெளியே வரும். மூக்கில் உள்ள சுரப்பி அந்த வழியை நனைத்துக்கொண்டிருக்கும். சும்மா படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 15 முதல் 30 வரை இருக்கும் மூச்சு, இளைக்கும்போது 300ஐ எட்டும். இவ்வளவு வேகத்திலும் தசை பெரிதாகக் களைக்காததற்குக் காரணம் உண்டு. நெஞ்சுக்கூட்டுக்கு இயல்பாகவே ஓர் அதிர்வு வேகம் இருக்கிறது. நாய் அதே தாளத்தில் இளைக்கிறது. ஊஞ்சல் திரும்பும் கணத்தில் தட்டிவிட்டால் சிறு தள்ளலே போதும் அல்லவா, அதுதான் இங்கும் நடக்கிறது.

கணக்கையும் பார்ப்போம். 50 கிலோ நாயின் உடல் ஒரு பாகை தணிய ஏறக்குறைய 70 மில்லிலீற்றர் நீர் ஆவியாக வேண்டும். காற்று காய்ந்திருந்தால் அது சுலபம். அதனால் கச்சான் சுட்டாலும் இளைப்புக்கு ஓரளவு துணைதான். காற்று அசையாமல் புழுங்கும் சித்திரை நாட்களிலும், மாரிக்கு முந்திய ஐப்பசி நாட்களிலும் வெப்பமானி குறைவாகக் காட்டினாலும் கூடுதல் கவனம் வேண்டும். ஈரக்காற்றில் இளைப்பு குறைந்த பலனே தரும். முகம் சப்பையான புல்மாஸ்ரிவ், பொக்சர் போன்றவற்றுக்கு ஆவியாகும் பரப்பே குறைவு.

பெரிய உடம்பு இன்னொரு சிக்கல். எடை கூடும் அளவுக்குத் தோலின் பரப்பு கூடாது. உள்ளே ஏறிய சூடு மெதுவாகத்தான் இறங்கும். காவல் குணம் அதை இன்னும் மோசமாக்கும். ரவுணுக்குள் மேய வரும் மானைக் கண்டாலும் தெருநாயைக் கண்டாலும் மதிலோடு ஓடிக் குரைக்கும் நாய், களைப்பைப் பார்த்து நிற்காது. தசை செலவழிக்கும் சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகவே மாறுகிறது. காலை 10 முதல் மாலை 4 வரை தெரு தெரியாத பின்விறாந்தையில் அதை விடுங்கள். இராக்காவலுக்கு அந்தப் பகல் உறக்கம் எப்படியும் தேவை.

கூட்டுக்குத் தகரக் கூரை போடுவது நம்மூர்ப் பெரும்பிழை. தகரம் மேலிருந்து சூட்டை வீசும். அதன்மேல் கிடுகு வேய்ந்து, இடையில் ஒரு சாண் வெளி விட்டு, எதிரெதிர் இரண்டு பக்கமும் கம்பிவலை அடித்தால் வித்தியாசம் உடனே தெரியும். தண்ணீர் நாளுக்குக் குறைந்தது மூன்று லீற்றர், கவிழாத கனமான சட்டியில், நிழலில். வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்ப்பூட்டை வெயிலில் போடவே கூடாது. வாய் திறந்து இளைக்க இடம் விடும் கூடை வகையே சரி. அல்சேசனை மொட்டையடிக்க வேண்டாம், உள்மயிரை வாரி எடுத்தால் போதும்.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 பாகை வரை. 41ஐத் தாண்டினால் உயிராபத்து. ஈறு கடுஞ்சிவப்பாகும், எச்சில் பசைபோல் தடிக்கும், நடை தள்ளாடும், வாந்தி வரும். வாகனம் தேடுவதற்கு முன் நிழலுக்கு இழுத்துக் கிணற்றுத் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, மின்விசிறியைத் திருப்பிவிடுங்கள். ஈரத் துவாயால் போர்த்தி வைக்கக் கூடாது. அது சூட்டை உள்ளேயே அடைக்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் விட்டால் நுரையீரலுக்குள் போய்விடும். குதவழி வெப்பமானி 39.5 காட்டியதும் ஊற்றுவதை நிறுத்துங்கள், இல்லையேல் உடல் அளவுக்கு மீறிக் குளிரும். எழுந்து வாலாட்டினாலும் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்: சிறுநீரகப் பாதிப்பும் இரத்தம் உறைவதில் வரும் கோளாறும் ஒன்றிரண்டு நாள் கழித்தும் வெளித்தெரியலாம்.