பிளக்கில் ஒளிந்திருந்த அரை ஓம்

கடலூர் முதுநகரில் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிற ஊரில் பிளக் மட்டும் தப்புமா? போன மாதம் கீசர் பிளக்கைப் பிடுங்கியபோது கையைச் சுட்டது. பித்தளைப் பின்னில் பச்சைக் களிம்பு. சாக்கெட் ஓரம் கருகிப்போயிருந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி பார்த்தவுடனே, “லூஸ் காண்டாக்ட்டுண்ணே” என்றார். ஆனால், அதே குளியலறையில் பல்பு ஹோல்டரிலும் களிம்புதான். எல்இடி பல்பு மாதக்கணக்காக ஒரு குறையும் இல்லாமல் எரிகிறது. அது ஏன் சுடவில்லை?

மின்னழுத்தம் தள்ளுகிறது, மின்தடை மறிக்கிறது; இதையும் மீறி ஓடுவதுதான் மின்னோட்டம். அழுத்தத்தை வோல்ட்டிலும் தடையை ஓமிலும் அளந்து, வோல்ட்டை ஓமால் வகுத்தால் மின்னோட்டம் ஆம்பியரில் வந்துவிடும். ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த ஜார்ஜ் ஓம், 1827இல் இதை வெளியிட்டார். அன்றைய பேட்டரிகளில் அழுத்தம் நிலையாக நிற்காது. அதனால் செம்பையும் பிஸ்மத்தையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரின் சூட்டிலும் மறுமுனையைப் பனிக்கட்டியின் குளிரிலும் வைத்து, மாறாத மின்னழுத்தம் எடுத்தார். எவ்வளவு பொறுமை வேண்டும் அதற்கு!

சரி, நம் கீசருக்கு வருவோம். 2000 வாட், 230 வோல்ட். ஓடுவது சுமார் 8.7 ஆம்பியர், கீசர் கம்பிச்சுருளின் மின்தடை சுமார் 26 ஓம். களிம்பு கூடுதலாக அரை ஓம் சேர்த்தது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் 8.5 ஆம்பியராகக் குறையும். அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கிய அளவு. அந்த அரை ஓமில் மட்டும் 36 வாட் சூடு! ரேடியோ பழுதுபார்ப்பவர் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் பெரும்பாலும் 25 வாட்தான். இங்கே அதைவிட அதிகச் சூடு, நகக்கண் அளவு இடத்தில்.

9 வாட் பல்பில் ஓடுவது 0.04 ஆம்பியர். அதே அரை ஓமில் ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடச் சூடு வராது.

என்னை உண்மையில் பயமுறுத்தியது வேறு. 16 ஆம்பியர் எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் காப்பு சுவிட்ச், இதில் விழவே விழாது. மின்னோட்டம் கூடினால்தான் அது விழும், இங்கே குறைந்திருக்கிறதே! டெஸ்டரும் வழக்கம்போல எரியும். இதற்கிடையில், சூட்டில் சாக்கெட்டின் பித்தளைத் தகடு பிடிப்பை இழக்கும், பிளக்கின் பின் அதைத் தொடும் பரப்பு குறையும், தடை ஏறும், சூடு இன்னும் கூடும்.

தம்பி மெயினை அணைத்தார். உப்புத்தாளால் தேய்த்தால் போதாதா என்று கேட்டேன். “தகடே தளர்ந்துபோச்சுண்ணே, தேய்ச்சு என்ன பண்ண?” என்று சாக்கெட், பிளக் இரண்டையும் மாற்றினார். கருகிய ஒயர் நுனியை வெட்டி, பளபளக்கும் செம்பு தெரியும்வரை சீவி, ஸ்க்ரூவை இறுக்கினார். அப்புறம் கீசரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தோம். பிளக்கின் மேல் கை வைத்துப் பார்த்தேன். லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.