நைட்டா கைத்தொழிற் பயிற்சி: மட்டக்களப்பு, அம்பாறை பொறியியல் மாணவர்களுக்கு

ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்திலோ வேறு பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்திலோ படித்தாலும், கைத்தொழிற் பயிற்சி முடியாமல் பட்டம் இல்லை. இதை நிறுவனங்களோடு சேர்ந்து ஒழுங்குபடுத்துவது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இதை எல்லோரும் நைட்டா என்றே சொல்வார்கள்.

இடத்தை நீங்களே தேடினால், நிறுவனத்தின் சம்மதக் கடிதத்தைப் பீடத்தின் பயிற்சிப் பிரிவில் கொடுத்து, அனுமதி கைக்கு வந்த பிறகே வேலைத்தளத்துக்குப் போங்கள். முந்திப் போன வாரங்கள் கணக்கில் சேராமல் போகலாம்.

வீட்டுக்குக் கிட்ட என்பதை மட்டும் பார்த்து இடம் எடுக்காதீர்கள். எந்த மாதம் என்பதையும் பாருங்கள். நம் பக்கத்தில் நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி. வீதி வேலையும் குளக்கட்டு மண் வேலையும் நின்றுவிடும், சிவில் மாணவர் அலுவலகத்தில் சும்மா இருப்பார். அந்தக் காலத்துக்கு நீர் சுத்திகரிப்பு நிலையம், வடிவமைப்பு அலுவலகம் போன்றவை நல்லது. இயந்திரப் பொறியியல் மாணவருக்கு, ஆலை ஓடும் நாட்களைவிடக் கழற்றிப் பூட்டும் பராமரிப்புக் காலம் அதிகம் கற்றுத் தரும். அதைக் கேட்டு வாங்குங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது, பயிற்சியில் செய்த வேலையை அன்றாடம் பதியும் நாட்குறிப்பேட்டில். “இன்று சிலாப் கொங்கிரீட் போட்டோம்” என்று எழுதினால், பயிற்சியை மதிப்பிடும் நேர்முகத்தில் அடுத்த கேள்விக்கே வாய் அடைத்துப்போகும். இப்படி எழுதுங்கள்: கலவை எவ்வளவு இளக்கம் என்று பார்க்கும் சோதனையில் 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் மூன்று அடுக்காகக் கலவையை நிரப்பி, அடுக்குக்கு 25 குத்து, கூம்பைத் தூக்கியதும் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியது, எத்தனை கனச்சதுர மாதிரி எடுத்தார்கள், வலிமை பார்க்க 7ஆம் நாளும் 28ஆம் நாளும் எத்தனை உடைக்க வைத்தார்கள். கலவை காய்கிறது என்று லொறியிலேயே தண்ணீர் ஊற்றுவதைக் கண்டால் அதையும், வலிமை ஏன் குறையும் என்பதையும் எழுதுங்கள். கையால் ஒரு படம் வரைந்தால் இன்னும் நல்லது.

அன்றைய அளவை அன்றிரவே எழுதுங்கள். பொறுப்பான பொறியியலாளரின் கையொப்பத்தை வாராவாரம் வாங்குங்கள். கடைசி வாரத்துக்கென்று வைத்திருந்து, அவர் இடமாற்றத்தில் போனபின் குறிப்பேட்டோடு அலைந்த மாணவர்கள் நிறையப் பேர். கிளம்புமுன் ஒவ்வொரு பக்கத்தையும் புரட்டி, கையொப்பமும் நிறுவன முத்திரையும் விடுபடவில்லையா என்று பாருங்கள்.