கீழ்க்காது வேறு, மேல்காது வேறு

இந்த ஆகஸ்டில் இது மூன்றாவது காது. 15 வயதுப் பெண். பள்ளி விடுமுறை விட்டதும் லண்டன் கடைத்தெரு ஒன்றில் மேல்காது விளிம்பில் (ஹெலிக்ஸ்) குத்திக்கொண்டிருக்கிறாள். பத்தாம் நாள் எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு வந்தபோது காதின் மேல்பாதி சிவந்து, விரல் பட்டாலே அழும் அளவுக்கு வீங்கியிருந்தது. மயக்கம் கொடுத்துச் சீழை எடுத்தோம். கூடவே செத்துப்போன குருத்தெலும்பையும் கொஞ்சம் வெட்ட வேண்டி வந்தது. அந்தக் காது இனி பழைய வடிவத்துக்கு வராது.

"காது குத்துறது நமக்கென்ன புதுசா டாக்டர்? இவளுக்கு ஒரு வயசுலயே குத்தினோம், ஒண்ணும் ஆகலையே" என்றார் அவள் அம்மா. மூன்று வீட்டிலும் இதே பேச்சு.

ஒரு வயதில் நீங்கள் குத்தியது காதுச்சோணையில், அதாவது கீழ்க்காதில். அது வெறும் தோலும் கொழுப்பும். ரத்தம் நன்றாக ஓடும் இடம், ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆறிவிடும். மேல்காதுக்குள் இருப்பது குருத்தெலும்பு. அதற்குச் சொந்தமாக ரத்தக்குழாயே கிடையாது. மேலே போர்த்திய மெல்லிய சவ்வுதான் அதற்குச் சோறு போடுகிறது. நடுவில் சீழ் கோத்தால் சவ்வு பிரிந்துவிடும், குருத்தெலும்பு பட்டினியில் சாகும், காது சுருங்கி மடங்கும். சோணையில் ஒன்றும் ஆகவில்லை என்பது மேல்காதுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மேல்காது ஆற மாதக்கணக்காகும், சிலருக்கு ஒரு வருடம்கூட.

அடுத்தது, கடைகளில் காது குத்தும் அந்தத் துப்பாக்கி. ஸ்பிரிங் வைத்து மழுங்கிய கம்பியை அடித்து இறக்கும் கருவி அது. "தோடு புது பாக்கெட்" என்பார்கள். தோடு புதிது, சரி. கருவி? பிளாஸ்டிக் உடம்பை ஆட்டோகிளேவில், அதாவது நீராவியில் கிருமி கொல்லும் இயந்திரத்தில், வைக்க முடியாது. 2000இல் அமெரிக்காவின் ஓரிகனில், ஒரே நகைக்கடையில் இப்படி மேல்காது குத்திக்கொண்ட ஏழு பேருக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாத் தொற்று உறுதியானது. எல்லோரும் 10 முதல் 19 வயதுக்குள். நான்கு பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பெரும்பாலானோருக்கு முதலில் கொடுத்த ஆன்டிபயாட்டிக் அந்தக் கிருமியைத் தொடவே இல்லை. எங்களிடம் வருகிறவர்களிலும் பலர் அந்தக் கிருமியைத் தொடாத ஃப்ளூக்ளோக்ஸசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரு வாரம் விழுங்கிவிட்டுத்தான் வருகிறார்கள். குடும்ப மருத்துவர்களான சக ஜி.பி.க்களே, மேல்காது என்றால் தயவுசெய்து சூடோமோனாஸை நினையுங்கள்.

பிரிட்டனில் 18 வயதுக்குள் பச்சை குத்துவது 1969 முதல் சட்டவிரோதம். ஆனால் இங்கிலாந்தில் காது குத்த வயது வரம்பு இல்லை. ஆகவே பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் பெற்றோர்தான்.

பிள்ளை ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். தடுத்தால் உங்களுக்குத் தெரியாமல் போய்க் குத்திக்கொள்வார்கள். கூடப் போங்கள். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியால் குத்தும் இடமா, உள்ளூர் கவுன்சிலில் பதிந்த கடையா என்று கேளுங்கள். துப்பாக்கியை எடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். நிக்கல் கலந்த மலிவுத் தோடு வேண்டாம், உடலுக்குள் பொருத்தும் தரத்து (இம்ப்ளான்ட் தர) டைட்டானியம் கேளுங்கள். வீக்கத்துக்கு இடம் விட்டு, தண்டு சற்று நீளமாக இருக்கட்டும். கோடை விடுமுறையில் கடல், நீச்சல்குளம் என்று திட்டம் இருந்தால் குத்துவதைத் தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் துடைக்க ஸ்டெரைல் சலைன் (கிருமி நீக்கிய உப்புநீர்) மட்டும் போதும். மஞ்சள், தேங்காயெண்ணெய், ஸ்பிரிட், டீ ட்ரீ எண்ணெய் எதுவும் வேண்டாம். தோட்டைத் திருகிக்கொண்டே இருக்கவும் வேண்டாம்.

அப்புறம் ஒன்று. மேல்காது சிவந்து, சூடாகி, வலி கூடிக்கொண்டே போகிறது, சோணை மட்டும் வழக்கம்போல இருக்கிறது என்றால் அது குருத்தெலும்புத் தொற்றாக இருக்கலாம். திங்கட்கிழமை வரை பொறுக்காதீர்கள், பிள்ளையைத் திட்டிக்கொண்டும் நிற்காதீர்கள். அன்றைக்கே வாருங்கள், ராத்திரி ஆனாலும் சரி. அவசரப் பிரிவில் "காது மேலே குத்தியிருக்கு, காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்கணும்" என்று சொல்லுங்கள்.