இளைத்தாயிற்று, இனி தசை ஏற்ற என்ன சாப்பிடுவது?

என் நண்பர் ஒருவர் ஒன்பது மாதத்தில் 84 கிலோவிலிருந்து 70 கிலோவுக்கு இறங்கினார். பார்த்தவர்களெல்லாம் "என்னப்பா, சுகர் வந்துடுச்சா?" என்று விசாரிக்கும் அளவுக்குக் கன்னம் ஒட்டிப்போனது. சரி, இனி கொஞ்சம் தசை ஏற்றுவோம் என்று ஜிம்மில் சேர்ந்தார். "நல்லா சாப்பிடுங்க, அப்பதான் ஏறும்" என்றார் பயிற்சியாளர். ஒன்பது மாதம் சோற்றைக் கண்டாலே ஒதுங்கிப்போனவர், தயங்கித் தயங்கி மதியம் வயிறாரச் சாப்பிட ஆரம்பித்தார். நான்காம் நாள் எடை மெஷின் 71.4 காட்டியது. அன்று ராத்திரியே பட்டினி.

அந்த 1.4 கிலோ கொழுப்பு அல்ல. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேரத் தோராயமாக 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். நாலே நாளில் 1.4 கிலோ என்றால், வழக்கமான தேவைக்கு மேல் தினமும் 2,700 கலோரி தின்றிருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் தொடர்ந்து உட்கார்ந்தாலும் அது கஷ்டம். நடந்தது வேறு. சோறு, இட்லியிலிருந்து கிடைக்கும் குளுக்கோஸைத் தசையும் கல்லீரலும் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கின்றன. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரையும் பிடித்து வைத்துக்கொள்ளும். டயட்டில் குறைந்துபோன இந்த இருப்பு 300 கிராம் நிரம்பினாலே, தண்ணீரோடு சேர்த்து 1.2 கிலோ ஏறிவிடும். மிச்சம் உப்பும் குடலில் இருக்கும் சாப்பாடும்.

ஆனால் அவருடைய பயத்தை அப்படியே ஒதுக்கிவிடவும் முடியாது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர், தாமாக முன்வந்த 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டார். எடையில் கால்பங்கு போனது. பிறகு சாப்பாட்டைக் கூட்டியபோது, இழந்த தசை முழுதாகத் திரும்பும் முன்பே கொழுப்பு பழைய அளவைத் தாண்டிவிட்டது. பஞ்சத்தில் அடிபட்ட உடம்புக்கு முதல் கவலை சேமிப்புதான். கொழுப்புச் செல்கள் சுருங்கும்போது லெப்டின் என்ற ஹார்மோன் குறைகிறது, பசி கூடுகிறது, உடம்பு கலோரியைச் செலவழிப்பதும் சிக்கனமாகிறது. அந்த இளைஞர்கள் வாரத்துக்கு 22 மைல் நடந்தார்கள். எடை தூக்கவில்லை.

எடை தூக்குவதில்தான் விஷயமே இருக்கிறது. தசையில் இருக்கும் புரதம் நாள் முழுக்க உடைந்தும் மறுபடி கட்டப்பட்டும் கொண்டேயிருக்கிறது. இரு முனையிலும் எடை மாட்டிய கம்பியான பார்பெல்லைத் தோளில் சுமந்து உட்கார்ந்து எழும்போது தொடைத் தசைநார்கள் இழுபடுகின்றன. அந்த இழுப்பைச் செல்லுக்குள் எம்-டார் போன்ற புரதங்கள் கட்டுமானத்துக்கான உத்தரவாக மாற்றுகின்றன. அடுத்த ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை, சாப்பாட்டுப் புரதம் செரித்துக் கிடைக்கும் அமினோ அமிலங்களை அந்தத் தசை வழக்கத்தைவிட நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளும். அவற்றில் லியூசின் என்ற ஒன்று மூலப்பொருளாக மட்டும் நிற்காமல், கட்டுமானத்தைத் தூண்டியும் விடுகிறது. இந்த உத்தரவு இல்லாமல் புரதத்தை மட்டும் அள்ளிப் போட்டால், மிஞ்சியதில் உள்ள நைட்ரஜன் யூரியாவாகிச் சிறுநீரில் போகும், மீதி எரிபொருளாகும்.

எவ்வளவு வேண்டும்? சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். எடை தூக்குபவர்களைப் பற்றிய 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு அலசலில், கிலோவுக்கு 1.6 கிராம் வாக்கில் பலன் ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. நண்பருக்கு அது 112 கிராம்.

அவருடைய ஒரு நாள் சாப்பாட்டை எழுதிப் பார்த்தோம். காலையில் நாலு இட்லி, சாம்பார்: 12 கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், தயிர்: 15. சாயங்காலம் டீ, ஒரு வடை: 6. ராத்திரி மூன்று சப்பாத்தி, குருமா: 12. மொத்தம் 45. சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்றார். இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

பாதிக்கும் மேல் பள்ளம். காலையில் மூன்று முட்டை வந்தது, 18 கிராம். மதியம் வேகவைத்த கோழிக்கறி 100 கிராம், சுமார் 28. வடைக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், 14. ராத்திரி 50 கிராம் பனீர், 9. சைவக்காரர்கள் கோழிக்குப் பதில் உலர்ந்த எடையில் 50 கிராம் சோயா உருண்டை எடுத்தால் 25 கிராம் கிடைக்கும். டப்பாவில் வரும் புரதப் பவுடரும் பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்த புரதம்தான். வசதிக்கு வாங்கலாம், கட்டாயமில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இப்படிக் கூட்டக்கூடாது.

கலோரிக்கு அவ்வளவு தடபுடல் தேவையில்லை. தசையில் முக்கால்வாசி தண்ணீர். ஒரு கிலோ தசையில் புரதம் 200 கிராம் அளவுக்குத்தான். தினம் 200, 300 கலோரி கூடினால் போதும், அதாவது இரண்டு சாதா தோசை. அதற்கு மேல் போனால் தசை வளரும் வேகம் பெரிதாகக் கூடாது, தொப்பைதான் கூடும். சோற்றை அடியோடு வெட்டுவதும் தப்பு. பார்பெல்லைத் தூக்க எரிவது பெரும்பாலும் அந்தக் கிளைக்கோஜன்தான்.

நாலு மாதத்துக்குப் பிறகு நண்பரின் எடை 72.5. இடுப்பு அதே 32 அங்குலம். சட்டை மட்டும் தோளில் பிடிக்கிறது. போன வாரம் ஒரு விசேஷத்தில் அவரைப் பார்த்த அத்தை சொன்னார்: "என்னடா, மறுபடி சதை போட்டுட்டியே, டயட்டை விட்டுட்டியா?"