நண்டுக் குழம்பும் வெள்ளை வைனும்: நிலாவெளி மேசை ஒன்றிலிருந்து

கடந்த பருவத்தில் ஒரு மாலை, எங்கள் நிலாவெளி உணவகத்தில், கனடாவிலிருந்து ஊர் பார்க்க வந்திருந்த குடும்பமொன்றின் மேசையிலிருந்து சோவினோன் பிளாங் என்ற நியூசிலாந்து வெள்ளை வைன் போத்தல் திரும்பி வந்தது. "அண்ணை, வைன் பழுதாப் போச்சாம், கசக்குதாம்" என்றார் பரிமாறும் தம்பி. நான் ஒரு வாய் சுவைத்தேன். தேசிக்காய்த் தோலின் மணமும், நாவின் ஓரங்களில் உமிழ்நீரை ஊறவைக்கும் புளிப்பும் குறையாமல் இருந்தன. அவர்கள் அதை மிளகாய்த்தூளும் பழப்புளியும் தாராளமாகச் சேர்ந்த நண்டுக் குழம்போடு குடித்திருந்தார்கள்.

இத்தகைய வைனைக் குறிக்கும் 'ட்ரை' (dry) என்ற சொல்லைத் துவர்ப்பு என்று எடுத்துக்கொள்வோர் பலர். இனிப்பில்லை என்பதே அதன் பொருள். ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அவ்வாறு குறிப்பிடப்படும் வைனில் லீற்றருக்கு 4 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை செல்லலாம். திராட்சையின் மற்றச் சர்க்கரையை மதுவம் (ஈஸ்ட்) மதுசாரமாக மாற்றிவிடுகிறது. லீற்றருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை புளித்தால் ஒரு வீத மதுசாரம் உருவாகும். ஆகவே 'இனிப்பில்லை, இலேசானது' என்று எண்ணுவது தவறு. 12 வீத வைனில் 150 மில்லிலீற்றர் குடித்தால் ஏறத்தாழ 14 கிராம் தூய மதுசாரம் உடலுக்குள் சேருகிறது. வாகனம் ஓட்டுபவரும் கர்ப்பிணியும் மருந்து எடுப்பவரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாம் ஊற்றுவதில்லை. போயா (பௌர்ணமி) தினத்தில் எவருக்குமே இல்லை.

சுவைப்பதற்கு இரண்டு மிடறு அளவே போதும். கிளாஸை வெள்ளைத் துணியின் மீது சரித்துப் பாருங்கள்: இளம் வைன் வெளிர் வைக்கோல் நிறத்தில், சிலவேளை பச்சைச் சாயலோடு இருக்கும். அது பழுப்பேறி, வெட்டிவைத்த அப்பிள் போல மணம் வீசினால் காற்று புகுந்துவிட்டது என்று கொள்ளலாம். ஈரமான காகித அட்டையின் வாடை தக்கையிலிருந்து வரும் குறை. திருகுமூடிப் போத்தல்களில் அது அரிது. அடியில் கண்ணாடித்தூள் போலப் படிவதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. குளிரில் படிகமாகும் திராட்சை அமிலத்தின் உப்பே அது. நம் ஊர் வெயிலில் சூடான களஞ்சிய அறையில் மாதக்கணக்கில் நின்ற போத்தலை எந்தக் குளிர்சாதனப் பெட்டியும் திருத்தாது. அளவுக்கு மீறிக் குளிர்ந்த வைனில் மணம் அடங்கிவிடும் என்பதால் 8 முதல் 10 பாகை செல்சியஸ் வரை போதும். ஐஸ் போடுவது தண்ணீர் கலப்பதற்குச் சமம்.

இனி அந்தக் கசப்பு. பழப்புளியிலும் திராட்சையிலும் முதன்மையாக உள்ளது ஒரே அமிலம், தார்த்தாரிக் அமிலம். உணவின் புளிப்பு வைனை விஞ்சும்போது, அதுவரை உயிர்ப்போடு இருந்த வைன் சப்பென்று ஆகி, அடியில் கிடந்த கசப்பு மேலே தெரிகிறது. மிளகாயின் காரம் வாயில் தூண்டும் அதே உணரியை மதுசாரமும் தூண்டுவதால், ஒவ்வொரு மிடறும் எரிவைக் கூட்டவே செய்யும். 'மீனுக்கு வெள்ளை வைன்' என்ற பழைய வாய்ப்பாடு நமக்கு அரைகுறையாகவே பொருந்துவதன் காரணம் இதுதான்: மீன் எதுவென்று கேட்பதிலும் குழம்பு எதுவென்று கேட்பதே முக்கியம். பாரை மீனைத் தேங்காய்ப்பால் சொதியாக்கி, இறக்கியபின் தேசிக்காய் பிழிந்தால், பாலின் கொழுப்பை வைனின் புளிப்பு அளவாக வெட்டும். பொரித்த கணவாய்க்கும் உப்பும் மிளகும் தடவிச் சுட்ட இறாலுக்கும் பிரான்சின் லுவார் ஆற்று முகப்பில் விளையும் மஸ்கடே என்ற வெள்ளை வைன் நன்கு இணங்கும். அங்கே அதைச் சிப்பியோடு குடிக்கிறார்கள். காரக் குழம்புதான் வேண்டுமென்றால், ட்ரையை விட்டு, சற்று இனிப்பும் குறைந்த மதுசாரமும் கொண்ட ஜெர்மனியின் மோசல் பகுதி வெள்ளை வைனான ரீஸ்லிங்கைத் தேடுவேன். பழப்புளி தூக்கலான குழம்புக்கு எதையும் பரிந்துரைக்க எனக்கு மனம் வருவதில்லை.

அன்று அந்த மேசைக்குப் பொரித்த கணவாயும் தேசிக்காய்த் துண்டுகளும் அனுப்பி, அதே போத்தலிலிருந்து மீண்டும் ஊற்றச் சொன்னேன். பெரியவர் ஒரு துண்டைக் கடித்து, ஒரு மிடறு குடித்து, மருமகனைப் பார்த்துத் தலையாட்டினார். சூடாக்கிய நண்டுக் குழம்பு திரும்பி வந்தபோது கிளாஸ்கள் அகற்றப்பட்டு, மேசையில் செவ்விளநீர் இருந்தது.